“ஏன் ஏழை?” என்று கேட்காதீர்கள்: ஒரு கிராமத்தில் வறுமையின் காரணத்தைத் தேடுவது எப்படி

தை முடிந்து மாசி பிறந்தால் திருவண்ணாமலைப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து பிள்ளைகள் எங்கள் ஊருக்குக் கணக்கெடுக்க வருவார்கள். கையில் அட்டை, அட்டையில் படிவம். படிவத்தின் கடைசிக்கு முந்தின கேள்வி, “வறுமைக்குக் காரணம்”. அதற்கு எதிரே ஒரு விரற்கடை இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்துக்குள் எது அடங்குமோ அதை எழுதிக்கொண்டு போவார்கள். குடி. படிப்பில்லை. வேலையில்லை.

நானும் அப்படி எழுதியவள்தான். 1990-களின் கடைசியில் மகளிர் குழுவில் ஊக்குநராகச் சேர்ந்தேன். சில வருடம் கழித்து ஒரு கணக்கெடுப்பு வேலை கிடைத்தது, ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. நாற்பது வீடு முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தால் நாற்பதிலும் ஒரே பதில். ஒரு வீட்டுக்குப் போயிருந்தாலே போதும் போலிருந்தது. நாற்பத்தோராவது வீட்டில் ஓர் அக்கா முறத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “ஏன் ஏழையா இருக்கேன்னா நான் என்னத்த சொல்றது? எப்ப இப்படி ஆனேன்னு கேளு, சொல்றேன்.”

அன்றிலிருந்து நான் “ஏன்” என்று கேட்பதில்லை. “எப்போது” என்றுதான் கேட்கிறேன். அதை எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது முழுக்க என் கண்டுபிடிப்பு இல்லை. முன்பு ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து பிறகு பேராசிரியரான அனிருத் கிருஷ்ணா என்பவர் ராஜஸ்தானில் 35 கிராமங்களில் ஊர்க்காரர்களையே உட்காரவைத்து இப்படிக் கேட்டிருக்கிறார். அப்புறம் குஜராத், ஆந்திரம், கென்யா, உகாண்டா, பெரு என்று பல இடங்களில் அந்த முறை போயிருக்கிறது. எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஒருவர் அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். எங்கள் ஊருக்குத் தோதாக நாங்கள் கொஞ்சம் வளைத்துக்கொண்டோம்.

தேவையான சாமான்கள்: ஒரு படி புளியங்கொட்டை, கோலமாவு, கோடு போட்ட நோட்டு ஒன்று, பேனா இரண்டு. செல்போனைப் பைக்குள் வையுங்கள். போட்டோ எடுத்தால் லோன் வரும் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் எல்லா வீட்டிலும் ஒரே கதைதான் கிடைக்கும்.

இரண்டு கூட்டம் போடுங்கள்

பஞ்சாயத்தில் யாரைக் கேட்டாலும் “பிள்ளையார் கோயில் முன்னாடி கூட்டம் போடுங்க, எல்லாரும் வருவாங்க” என்பார்கள். எல்லாரும் வர மாட்டார்கள். காலனியிலிருந்து, அதாவது தலித் மக்கள் குடியிருப்பிலிருந்து, நாலு பேர் வருவார்கள், வந்து ஓரமாக நிற்பார்கள், கேட்டால் “நீங்க சொல்றதுதாங்க” என்பார்கள். அதனால் ஊரில் ஒன்று, காலனியில் ஒன்று என்று இரண்டு கூட்டம். ஏரிக்கரையில் இருளர் வீடுகள் நாலைந்து இருந்தால் அங்கே கூட்டம் என்று சொல்லாமல் நேராகப் போய் உட்காருங்கள். காலனியில் டீ கொடுத்தால் குடியுங்கள். குடிக்கிறீர்களா என்று பார்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்கள்.

நேரம் சாயங்காலம் ஏழரைக்கு மேல். அதற்கு முன்னால் பெண்களுக்குத் தண்ணீர் பிடிக்கிற வேலை, அடுப்பு வேலை. நூறு நாள் வேலை நடந்தால் அந்த இடத்துக்கே போகலாம். மண் வெட்டிவிட்டு நிழலில் உட்காரும்போது வருகிற பேச்சு கூட்டத்தில் வராது. ஆனால் மேற்பார்வை பார்க்கிறவர் பக்கத்தில் இருந்தால் கடனைப் பற்றிப் பேச மாட்டார்கள். பல ஊரில் வட்டிக்கு விடுகிறவர் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் பெண் கொடுத்து எடுத்த உறவு இருக்கும்.

கூட்டம் தொடங்கியதும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிடுங்கள்: “இதனால் லோன் வராது, வீடு வராது, அட்டை வராது.” கால்வாசிப் பேர் எழுந்து போவார்கள். போகட்டும்.

படிக்கட்டு

கோலமாவில் தரையில் ஒரு படிக்கட்டு வரையுங்கள். பிறகு கேளுங்கள்: “ஒண்ணுமே இல்லாத ஒரு குடும்பத்துக்கு நாலு காசு வர ஆரம்பிச்சா முதல்ல என்ன செய்வாங்க?” சோறு என்பார்கள். அடுத்து? பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவது. அடுத்து? இங்கே சண்டை வரும், வர விடுங்கள். எங்கள் ஊரில் மூன்றாவது படி வெளியே போட்டுக்கொண்டு போகத் துணியா, அடகு வைத்த நகையை மீட்பதா என்று முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் ஒரு பாட்டி, “தாலியில மஞ்சள் கயிறு மட்டும் இருக்குற பொம்பள நல்ல புடவ கட்டி எங்கடி போவா?” என்று கேட்டு முடித்துவைத்தார். அப்புறம் கூரையை மாற்றுவது, ஆடு, மாடு, குளியலறை, வண்டி, மாடி வீடு.

எந்தப் படிக்கு மேலே ஏறினால் “இனி இவங்க ஏழை இல்ல” என்று சொல்வார்கள் என்பதையும் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் கோடு விழுந்தது கூரைக்கு மேலே. வாங்கின கடனைத் தவறாமல் கட்ட முடிகிற, மழைக்கு ஒழுகாத வீடு உள்ள குடும்பம் ஏழை இல்லை. ராஜஸ்தானத்து ஊர்களிலும் முதல் படி சோறு, அடுத்தது பள்ளிக்கூடம் என்றுதான் சொன்னார்களாம்.

மேலே அரசாங்கத்தில் இருக்கிறவர்களும் வறுமைக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். பொருளாதார நிபுணர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையில் இருந்த குழுவின் முறைப்படி 2011–12-க்கு கிராமத்தில் ஓர் ஆளுக்கு மாதம் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய். அதைவிடக் குறைவாகச் செலவு செய்கிறவர் ஏழை. பிறகு வந்த ரங்கராஜன் குழு அதை 972, 1,407 என்று உயர்த்தியது. நாளைக்கு 32 ரூபாய், 47 ரூபாய். அதைப் பற்றி அப்போது டிவியில் நிறையச் சத்தம் போட்டார்கள். எனக்கு அந்தக் கோட்டின் மேல் கோபமில்லை. எத்தனை பேர் ஏழை என்று எண்ணுவதற்கு அது உதவும். எப்படி ஏழையானார்கள் என்று தெரிந்துகொள்ள உதவாது, அவ்வளவுதான்.

இப்போது மத்திய அரசின் நிதி ஆயோக் அமைப்பு 12 விஷயங்களை வைத்துப் பார்க்கிறது: சத்துணவு, குழந்தை இறப்பு, பிரசவ கவனிப்பு, எத்தனை வருடம் படிப்பு, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, சமையல் எரிபொருள், கழிவறை, குடிநீர், கரண்டு, வீடு, சொத்து, பேங்க் கணக்கு. இந்தக் கணக்குப்படி 2019–21-இல் இந்தியாவில் 14.96 சதவீதம் பேர் ஏழை, தமிழ்நாட்டில் 2.20 சதவீதம். நம் மாநிலம் நன்றாகச் செய்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள். கடன் எங்கே? இல்லை. “சொத்து” என்ற கட்டத்தில் டிவி, போன், சைக்கிள், பைக் மாதிரி சாமான்களில் ஒன்றுக்கு மேல் இருந்தாலே போதும். கவர்மெண்ட் கொடுத்த கலர் டிவியும் ஒரு செல்போனும் உள்ள வீடு சொத்து விஷயத்தில் தப்பித்துவிடும். பேங்க் கணக்கு எங்கள் ஊரில் எல்லாருக்கும் இருக்கிறது. பாஸ்புக்கைத் திறந்து பார்க்கக் கூடாது, அதுதான் விஷயம்.

கலர் டிவி காலம்

அடுத்து ஒரு காலத்தைப் பிடிக்க வேண்டும். “20 வருஷத்துக்கு முன்னாடி” என்றால் யாருக்கும் பிடிபடாது. ராஜஸ்தானில் நெருக்கடி நிலைக் காலத்தை அடையாளமாக வைத்தார்களாம். இங்கே 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தது வயசானவர்களுக்கு நேற்றுப்போல் ஞாபகம் இருக்கிறது. கொஞ்சம் இளையவர்களுக்குக் கலர் டிவி கொடுத்த சமயம், அதாவது 2006-க்குப் பிறகு. 500, 1,000 நோட்டு செல்லாமல் போன 2016 நவம்பர், கொரோனா வந்த 2020 மார்ச் இரண்டையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வீடு வீடாக எடுங்கள். கலர் டிவி வந்தபோது அந்தக் குடும்பம் படிக்கட்டில் எங்கே இருந்தது, இன்றைக்கு எங்கே இருக்கிறது? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புளியங்கொட்டை, நாலு குவியல். அன்றும் ஏழை, இன்றும் ஏழை என்பது முதல் குவியல். அன்று ஏழை, இன்று இல்லை என்பது இரண்டாவது. அன்று இல்லை, இன்று ஏழை என்பது மூன்றாவது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை என்பது நாலாவது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லும்போது பொய் அதிகம் ஓடாது. “அவங்களா? அப்ப ரெண்டு ஜோடி மாடு வெச்சிருந்தாங்களே!” என்று ஒருவர் எடுத்துக்கொடுப்பார். கூட்டத்தில் குவியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணத்தைப் பத்துப் பேர் முன்னால் கேட்காதீர்கள். அது அவரவர் வீட்டு வாசலில் கேட்க வேண்டியது.

முதல் தடவை கொட்டைகளைப் பிரித்தபோது மூன்றாவது குவியல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஏழைகள் என்றால் காலங்காலமாக ஏழைகள் என்றுதான் என் மனசில் இருந்தது. இத்தனைக்கும் என் அப்பா வீடே அந்தக் குவியலில்தான் விழுந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சங்கிலியைப் பின்னோக்கிப் பிடிப்பது

மூன்றாவது குவியல் வீட்டுக்குப் போனால் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவர்கள் சொல்லும் முதல் காரணத்தை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு “இது எப்போ ஆரம்பிச்சது? அதுக்கு முன்னாடி என்ன நடந்தது?” என்று கேளுங்கள். வருகிற பதிலுக்கும் இதே கேள்வி. “அதுக்கு முன்னாடி நல்லாத்தாம்மா இருந்தோம்” என்று சொல்கிற இடம் வரும்வரை விடாதீர்கள்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். போனதும் அந்த அம்மா சொன்னது, “அவர் குடிக்கிறாரும்மா.” விரற்கடைப் படிவமாக இருந்தால் வேலை முடிந்திருக்கும். எப்போதிலிருந்து குடிக்கிறார் என்று கேட்டேன். “விழுந்த பிறகுதான்.” எங்கே விழுந்தார்? பெங்களூரில், கட்டட வேலையில், சாரத்திலிருந்து. எப்போது? “கலர் டிவி வந்த மறு வருஷம்.” இடுப்பில் அடி. மேஸ்திரி கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். 60,000 ரூபாய் ஆயிற்று. அதில் 25,000 நகையை அடகு வைத்து. 20,000 பத்து வட்டிக்கு. மீதி சொந்தக்காரர்களிடம்.

பிறகு நடந்ததை வரிசையாகக் கேட்டேன். மாதம் 2,000 வட்டி கட்ட முடியாமல் கறவை மாட்டை விற்றார்கள். மாடு போனதும் பால் காசு நின்றது. பால் காசு நின்றதும் குழுவுக்குச் சந்தா கட்ட முடியவில்லை, குழுவிலிருந்து பேர் போயிற்று. குழுவில் பேர் இல்லாததால் பேங்க் கடனும் இல்லை. நகை மூழ்கிப் போனது. எழுபது சென்ட் நிலம் போக்கியத்துக்குப் போனது. ஒன்பதாவது படித்த பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். வேலைக்குப் போக முடியாமல், பையன் அனுப்பும் காசில் சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த மனுஷன் அப்புறம்தான் குடிக்க ஆரம்பித்தார். ஆக, முதலில் காதில் விழுந்த காரணம் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

குடி வறுமைக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. குடியிலேயே தொடங்கின வீடுகளும் என் நோட்டில் உண்டு. 2003-இலிருந்து மதுச் சில்லறைக் கடையையும் அரசாங்கமே நடத்துகிறது, அது வேறு கதை. எது முன், எது பின் என்று பார்க்காமல் எழுதாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு கேள்வியையும் கட்டாயம் கேளுங்கள்: “எந்த இடத்துல யாராவது கை கொடுத்திருந்தா இது நின்னிருக்கும்?” அந்த அம்மா யோசிக்காமல் சொன்னார், “மாட்டை விக்காம இருந்திருந்தா.” நான் ஆஸ்பத்திரி என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு ஒரு தடவை வந்த அடி. மாடு போனது தினசரி வருமானம் போனது.

அவர் விழுந்தபோது அரசுக் காப்பீட்டுத் திட்டம் வரவில்லை, அது 2009-இல்தான் வந்தது. இப்போது முதலமைச்சர் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அப்படியிருந்தும் நோயால் விழுந்த வீடுகள் மூன்றாவது குவியலில் இன்றும் சேர்கின்றன. ஏன் என்று வீடு வீடாகக் கேட்டதில் கிடைத்தவை: கூட்டுக் குடும்பத்து ரேஷன் கார்டைப் பிரிக்காததால் காப்பீட்டு அட்டையில் மருமகள் பேர் இல்லை. ஆபரேஷனுக்குக் காப்பீடு கிடைத்தது, அதற்கு முன்னால் மூன்று மாதம் அலைந்து எடுத்த ஸ்கேனுக்குக் கிடைக்கவில்லை. சர்க்கரை, பிரஷர் மாதிரி படுக்கையில் சேர வேண்டாத நோய். துணைக்கு இருந்தவரின் கூலி போனது. பஸ், சாப்பாடு. இந்தச் சின்னச் செலவுகளை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கிருஷ்ணா போன ஊர்களிலும் குடும்பங்கள் கீழே விழுந்ததற்கு நோயும் மருத்துவச் செலவும்தான் முன்னால் வந்தன. அதோடு சேர்ந்தே கல்யாணச் செலவும் சாவுச் செலவும் அதிக வட்டிக் கடனும்.

இப்போது என் அப்பா வீடு. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு. எங்கள் பக்கம் பூமி பாறை. பக்கத்து நிலத்துக்காரர் போர் போட்டதும் எங்கள் கிணறு இறங்கியது. அப்பாவும் போர் போட்டார். முதல் போரில் புகை வந்தது. இரண்டாவதில் ஒரு வருடம் தண்ணீர் இருந்தது. மூன்றாவதை 800 அடிக்கு இறக்கினார், வெறும் மண்தூள்தான் வந்தது. ஒவ்வொரு போருக்கும் ஒரு கடன், ஒவ்வொரு கடனுக்கும் நிலத்தில் ஒரு துண்டு. எங்கள் வீட்டில் யாருக்கும் நோயில்லை, யாரும் குடிக்கவில்லை. படிவத்தில் இதை எங்கே எழுதுவது? “மழையின்மை” என்று எழுதுவார்கள். மழை பெய்த வருடத்திலும் அந்தக் கிணறு நிறையவில்லை.

வட்டியைக் கணக்குப் போடும் விதம்

கடன் எவ்வளவு என்று கேட்டால் சரியான பதில் வராது. அசலை மட்டும் சொல்வார்கள், அதிலும் பாதியை மறைப்பார்கள். “வாரத்துல எந்தெந்தக் கிழமை யார் யார் வசூலுக்கு வர்றாங்க?” என்று கேளுங்கள். திங்கள் ஒரு குழு லோன், புதன் இன்னொரு குழு லோன், தினம் சாயங்காலம் தண்டல்காரர் என்று தானாக வரும். கணவரையும் மனைவியையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப்போன வீட்டை நான் பார்த்ததில்லை.

சில சொற்களைத் தெரிந்துகொண்டு போங்கள். “ரெண்டு வட்டி” என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், வருடத்துக்கு 24. “பத்து வட்டி” என்றால் வருடத்துக்கு 120. அந்தச் சாரம் வீட்டில் 20,000 ரூபாய்க்கு ஒரே வருடத்தில் 24,000 ரூபாய் வட்டி கேட்டது, அசல் அப்படியே நின்றது. தண்டல் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். 10,000 என்று பேர், 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாயாக 100 நாளில் 10,000 கட்ட வேண்டும். “1,500 தானே வட்டி” என்று தோன்றும். ஆனால் தினம் திருப்பிக் கட்டுவதால் சராசரியாக உங்களிடம் இருந்தது பாதிப் பணம், 4,250 போல. அதற்கு 100 நாளில் 1,500 என்றால் நூற்றுக்கு 35. வருடக் கணக்கில் 125-ஐத் தாண்டும். இதை ஒரு தடவை பெண்கள் கூட்டத்தில் போட்டுக்காட்டினேன். இட்லிக் கடை வைத்திருந்த ஒருத்தர் சிரித்தார்: “எனக்குத் தெரியாதா? காலையில மாவுக்கு 500 ரூவா பேங்க்ல தருவானா?” சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கந்துவட்டிக்கு எதிராக 2003-இலிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் கடன் கொடுத்தவர் பேரை உங்கள் நோட்டில் எழுத வேண்டாம். நோட்டு யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. வட்டி வீதம், காரணம், எந்த மாதம் வாங்கினார்கள் என்பது போதும். மாதத்தை விடாதீர்கள். ஜூன் மாதக் கடன் பள்ளிக்கூடம், வைகாசிக் கடன் கல்யாணம். மொய் நோட்டைக் காட்டுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். அது சேமிப்புக் கணக்கும் கடன் கணக்கும் சேர்ந்த நோட்டு. யார் யாருக்கு இன்னும் திருப்பிச் செய்ய வேண்டும் என்று அதில் தெரிந்துவிடும்.

முதல் குவியல்: இங்கே “எப்போது” பலிக்காது

அன்றும் இன்றும் ஏழை என்கிற வீட்டில் போய் எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். விழுவதற்கு ஏறியிருக்க வேண்டும். இங்கே கேள்வியைத் தாத்தா காலத்துக்குக் கொண்டுபோங்கள்: “உங்க தாத்தா யார் நிலத்துல வேலை செஞ்சார்? அவருக்கு நிலம் இருந்ததா? அது இப்ப யார்கிட்ட இருக்கு?”

எங்கள் ஊரில் முதல் குவியலின் பெரும்பகுதி காலனியிலிருந்து வந்தது. அதைத் தற்செயல் என்று எழுதாதீர்கள். செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பேரில் 1892-இல் வெள்ளைக்காரன் அரசாங்கம் தீண்டாமைக்கு ஆளான மக்களுக்குத் தரிசு நிலங்களை ஒதுக்க உத்தரவு போட்டது. அதுதான் பஞ்சமி நிலம். மற்ற சாதியாருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையும் உண்டு. பல ஊரில் அந்த நிலம் இப்போது யார் அனுபவத்தில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும், யாரும் பேச மாட்டார்கள். பேச்சில் வராததைத் தாளில் தேடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடு என்கிற நிலப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள், மற்ற நில ஆவணங்களான சிட்டாவும் அடங்கலும் பாருங்கள். காலனிப் பெரியவர் ஒருவர் வரப்பில் நின்று கையைக் காட்டி “அந்தப் புளியமரம் வரைக்கும் எங்கது” என்று சொன்னால், புல எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

மலைப் பக்கம் போனால் கேள்வி இன்னும் மாறும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தில் சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டு 20 பேர் செத்தார்களே, அவர்கள் தமிழ்நாட்டுக் கூலிகள். எங்கள் மாவட்டத்து ஜவ்வாது மலைப் பக்கத்தவர்களும் அதில் இருந்தார்கள். செம்மரம் வெட்டப் போனது குற்றமா இல்லையா என்று பேசுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, அந்த வருடம் மலையில் என்ன வேலை இருந்தது, எவ்வளவு கூலி, சாமை எத்தனை மூட்டை விளைந்தது என்பதை.

இருளர் வீடுகளில் சாதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அது இல்லாவிட்டால் பிள்ளையின் படிப்புக்கு உதவித்தொகை இல்லை. பள்ளிக்கூடம் போகாத பிள்ளை அப்பாவோடு மரம் வெட்டப் போகும், அதற்கும் முன்பணம் வாங்கியிருப்பார்கள். “படிப்பில்லை” என்று விரற்கடையில் எழுதுகிறோமே, அதற்குப் பின்னால் தாலுகா ஆபீஸுக்கு எத்தனை தடவை நடந்தார்கள் என்று ஒரு கணக்கு இருக்கிறது.

ஏறியவர்கள்

இரண்டாவது குவியலைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆனால் விட்டுவிடாதீர்கள். எங்கள் ஊரில் ஏறியவர்கள் ஒரே ஒரு வருமானத்தை நம்பாதவர்கள். கூலியோடு சொசைட்டிக்குப் பால் ஊற்றியவர், பெங்களூர் போய் மேஸ்திரி வேலை கற்றுக்கொண்டவர், ஒரு பெண்ணை நர்சிங் படிக்கவைத்த வீடு, ஒரு பையன் போலீஸில் சேர்ந்த வீடு. எல்லா வீட்டிலும் முதல் தகவல் யாரோ ஒரு சொந்தக்காரர் மூலம் வந்திருந்தது. அதனால் “யார் சொல்லி இந்த வேலைக்குப் போனீங்க?” என்று கேளுங்கள். காலனியில் இந்தக் கேள்விக்கு “யாரும் இல்ல” என்ற பதில் அதிகம் வரும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நோயில்லாததால் யாரும் ஏறவில்லை, பால் ஊற்றியதால் நோய்க்கடன் வராமலும் இல்லை. ஏறியதற்கு ஒரு காரணம், விழுந்ததற்கு வேறு காரணம். கறவை மாட்டு லோன் கொடுத்துக்கொண்டே இருந்தாலும் பின்பக்கமாக மூன்றாவது குவியல் வளர்ந்துகொண்டிருக்கும். பஞ்சாயத்தில் இதைக் காட்ட எனக்கு நாலு குவியலும் தரையில் கிடந்ததுதான் உதவியது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் கொட்டைகளை அப்படியே கொட்டிக் காட்டினோம். தலைவர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு குனிந்து மூன்றாவது குவியலை அவரே எண்ணினார். ரேஷன் கார்டு பிரிக்காத வீடுகளைப் பட்டியல் எடுத்துத் தாலுகாவுக்கு அனுப்புவது என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். நடந்தது அவ்வளவுதான், ஆனால் அது நடந்தது.

பூட்டிய வீடுகள்

நீங்கள் மாசியில் வந்தால் காலனியில் சில வீடுகள் பூட்டியிருக்கும். படிவத்தில் “வீடு பூட்டியிருந்தது” என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவீர்கள். நானும் போயிருக்கிறேன். அவர்கள் திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போயிருப்பார்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பொங்கல் முடிந்து போனால் மழைக்கு முன்னால்தான் திரும்புவார்கள். ஊரிலேயே அடிப்படியில் இருக்கிற வீடுகளைக் கணக்கில் விட்டுவிட்டு, ஊரில் வறுமை குறைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

அதனால் பூட்டிய வீடு ஒவ்வொன்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் எந்தப் பக்கம் போனார்கள், எத்தனை பேர், யார் கூட்டிப் போனார் என்று சொல்வார்கள். ஆடி மாதம் திரும்பி வாருங்கள். பூட்டு திறந்திருக்கும், வாசலில் துணி காயும். அந்த வீட்டில் மூன்று கேள்வி போதும். போகும்போது முன்பணம் எவ்வளவு வாங்கினீர்கள்? எதற்காக வாங்கினீர்கள்? கணக்கு முடித்தபோது கையில் எவ்வளவு மிஞ்சியது? மூன்றாவது கேள்விக்குப் பலர் “இன்னும் பாக்கி இருக்கு” என்பார்கள். பாக்கி தீரும்வரை வேறு இடம் போகக் கூடாது என்று யாராவது சொல்லியிருந்தால், அது 1976-ஆம் வருடச் சட்டப்படி கொத்தடிமை முறை. அந்த ஒரு விஷயத்தை மட்டும் நோட்டோடு வைத்துக்கொள்ளாமல், அவர்கள் சம்மதம் கேட்டு, கோட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கூடப் போங்கள்.

ஐப்பசி வரை தள்ளிப் போடாதீர்கள். தீபாவளிச் செலவுக்கு என்று மேஸ்திரி அடுத்த முன்பணத்தோடு வந்துவிடுவார்.